பெரிய மாடல் விமானத்துக்கு பிரஷ் இல்லாத மோட்டார்: ஒரு கணக்குப் பாடம்

மாடல் விமானம் என்றவுடன் நம்மில் பலருக்குக் கையடக்கமான ஒரு பொம்மைதான் கண் முன்னே வரும். ஆனால் இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப்போவது அந்த ரகம் அல்ல. ஒற்றை இறக்கை விமானமானால் இறக்கையின் முழு நீளம் 80 அங்குலம், அதாவது சுமார் 2 மீட்டர். இரட்டை இறக்கை விமானமானால் 60 அங்குலம். இந்த அளவையும் அதற்கு மேற்பட்டதையும் 'ஜயண்ட் ஸ்கேல்' என்று மாடல் விமானக்காரர்கள் அழைக்கிறார்கள். எடை 7, 8 கிலோவில் தொடங்கும். மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வாசலில் நிறுத்தினால் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தும், பொறியியல் கல்லூரிக் குழுக்களில் சேர்ந்தும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இந்தக் கலையில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "மாமா, 50 சி.சி. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் மோட்டார் போட நினைக்கிறோம். எந்த மோட்டார் வாங்கலாம்?"

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் தீர்மானிக்க வேண்டியது மோட்டார் அல்ல, புரொப்பெல்லர். காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பெட்ரோல் எஞ்சினுக்குத் தன் எல்லை தெரியும், மோட்டாருக்குத் தெரியாது. எஞ்சினில் அளவுக்கு மீறிய புரொப்பெல்லரைப் பூட்டினால் அது திணறி மெதுவாகச் சுற்றும். மோட்டாரோ தன் வேகத்தைக் கிட்டத்தட்ட அப்படியே காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். அதற்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கேள்வி முறையின்றி பேட்டரியிலிருந்து இழுக்கும். கம்பிச்சுருள் கருகும்வரை இழுக்கும். அந்த எல்லையை நாம்தான் கணக்குப் போட்டு வகுத்துத் தர வேண்டும். இந்தப் பாடம் முழுவதும் அந்தக் கணக்குதான். பிளஸ் டூ படித்தவர்கள் எவரும் போடக்கூடிய கணக்கு.

பிரஷ் போனது எப்படி?

ரயில்வேயில் நாங்கள் வேலை பார்த்த காலத்து மின்சார எஞ்சின்களான டபிள்யூ.ஏ.ஜி.-7, டபிள்யூ.ஏ.பி.-4 ஆகியவற்றில் இருந்தவை டி.சி. மோட்டார்கள். சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். அதை கார்பன் பிரஷ்கள் கம்யூட்டேட்டர் மீது உராய்ந்தபடி கொடுக்கும். பிரஷ் தேயும். தேய்ந்த தூள் படியும். கம்யூட்டேட்டரில் தீப்பொறி பறக்கும். ஷெட்டில் ஒரு பிரிவே பிரஷ் பார்ப்பதற்கும், மாற்றுவதற்கும், கம்யூட்டேட்டரைச் சீர் செய்வதற்கும் உழைத்துக்கொண்டிருக்கும். 1990களின் நடுவில் டபிள்யூ.ஏ.பி.-5, டபிள்யூ.ஏ.ஜி.-9 எஞ்சின்கள் வந்தபோது மூன்று ஃபேஸ் மோட்டார்கள் வந்தன. பிரஷும் இல்லை, கம்யூட்டேட்டரும் இல்லை. மின்சாரத்தை எந்தச் சுருளுக்கு எப்போது கொடுப்பது என்ற வேலையை எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் ஏற்றுக்கொண்டது.

மாடல் விமானத்திலும் நடந்தது இதே மாற்றம்தான். ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் கொள்ளுங்கள். அந்த ரயில் எஞ்சின்களில் உள்ளவை இண்டக்ஷன் மோட்டார்கள். ரோட்டரில் காந்தம் கிடையாது. மாடல் விமான மோட்டாரில் நிரந்தரக் காந்தங்கள் உண்டு. பெரிய விமானங்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது 'அவுட்ரன்னர்' ரகம். இதில் கம்பிச்சுருள்கள் நடுவே அசையாமல் நிற்கும். காந்தங்கள் ஒட்டிய வெளிக்கூடு அதைச் சுற்றி வரும். நம் சீலிங் ஃபேனிலும் வெளிக்கூடுதான் சுற்றுகிறது அல்லவா, அதுபோல. விட்டம் பெரியதாக இருப்பதால் குறைந்த சுழல் வேகத்திலேயே நல்ல முறுக்கு விசை கிடைக்கும். பல்சக்கரம் இல்லாமல் பெரிய புரொப்பெல்லரை நேரடியாகப் பூட்டலாம்.

ரேடியோவால் இயங்கிய மாடல் விமானம் மின்சாரத்தில் பறந்ததாகப் பதிவான முதல் சம்பவம் 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் நடந்தது. கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குவீன்' என்ற விமானத்தை, வெள்ளி-துத்தநாக பேட்டரியைக் கொண்டு பறக்கவிட்டார். அதன் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு மின்சார விமானம் என்றால் சிறியது, சோம்பலானது என்ற பெயர்தான் இருந்தது. அதை மாற்றியவை மூன்று. 1980களில் வந்த நியோடிமியம் காந்தம் ஒன்று. பெரிய மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் மற்றொன்று. 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி பேட்டரியின் வழித்தோன்றலான லித்தியம் பாலிமர் பேட்டரி மூன்றாவது. மூன்றும் சேர்ந்த பிறகே 7 கிலோ விமானத்தைச் செங்குத்தாக மேலே தூக்கும் மோட்டார் சாத்தியமாயிற்று.

ரயில் எஞ்சினின் கன்வெர்ட்டர் செய்யும் வேலையை இங்கே செய்வது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. சுருக்கமாக ஈ.எஸ்.சி. என்பார்கள். மோட்டாரின் மூன்று கம்பிகளில் ஒரு நேரத்தில் இரண்டுக்கு மின்சாரம் தரும். மூன்றாவது கம்பியில் தூண்டப்படும் வோல்டேஜைக் கவனித்துக் காந்தம் எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்ளும். மோட்டார் நிற்கும்போது அந்த வோல்டேஜ் இல்லை. ஆகவே புறப்படும் கணத்தில் ஈ.எஸ்.சி. கண்ணைக் கட்டிக்கொண்டுதான் சுற்றத் தொடங்குகிறது. பெரிய, கனமான புரொப்பெல்லர் தொடக்கத்தில் திக்கித் திணறினால் இதுதான் காரணம். அப்போது திராட்டிலை மேலும் திறக்கக் கூடாது. உடனே மூடிவிட்டு, ஈ.எஸ்.சி.யில் புறப்பாட்டு அமைப்பைச் சரி செய்ய வேண்டும்.

கே.வி. என்றால் கிலோவோல்ட் அல்ல

ரயில்வேக்காரனிடம் கே.வி. என்றால் கிலோவோல்ட் என்பான். மோட்டார் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கே.வி. வேறு. சுமையில்லாத நிலையில் ஒரு வோல்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே அந்த எண். கே.வி. 150 என்றால் 10 வோல்டில் 1500 சுற்று. 40 வோல்டில் 6000 சுற்று.

கே.வி. எண் பெரிதாக இருந்தால் மோட்டார் சக்தி வாய்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அது வேகத்துக்கும் முறுக்கு விசைக்கும் உள்ள பங்கீடு மட்டுமே. 9.55 என்ற எண்ணை கே.வி.யால் வகுத்தால், ஒரு ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை கிடைக்கும் என்பது வந்துவிடும். கே.வி. 150 ஆனால் 0.064. கே.வி. 300 ஆனால் அதில் பாதி, 0.032. அதாவது கே.வி. கூடினால் அதே புரொப்பெல்லரை அதே வேகத்தில் சுற்ற இரு மடங்கு ஆம்பியர் தேவை. பெரிய புரொப்பெல்லருக்குக் குறைந்த கே.வி.; சிறிய புரொப்பெல்லருக்கு அதிக கே.வி. சரக்கு வண்டிக்கு ஒரு பல்சக்கர விகிதம், எக்ஸ்பிரஸுக்கு வேறு என்று வைப்பது போலத்தான்.

இனி கணக்கு

நம் பிள்ளைகள் கேட்ட விமானத்தையே எடுத்துக்கொள்வோம். இறக்கை 2.2 மீட்டர். பேட்டரியோடு சேர்த்த மொத்த எடை 7.5 கிலோ.

முதல் படி, தேவையான சக்தி. அனுபவத்தில் வந்த அளவுகோல் ஒன்று உண்டு. பேட்டரியிலிருந்து எடுக்கும் வாட்டைக் கொண்டு கணக்கிடுவது அது. சாதாரணமாகப் பறக்க ஒரு கிலோவுக்கு 220 வாட். கரணங்கள் அடிக்க 330 வாட். புரொப்பெல்லரிலேயே தொங்கி நிற்கும் வித்தைக்கு 440 வாட்டும் அதற்கு மேலும். நம் விமானம் கரணம் அடிக்க வேண்டும் என்றால் 7.5 × 330 = 2475 வாட். சற்றுக் கையிருப்போடு 2750 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி, புரொப்பெல்லர். இந்த அளவு விமானத்துக்கு 22×10 பொருந்தும். 22 என்பது அங்குலத்தில் விட்டம். 10 என்பது ஒரு சுற்றுக்கு அது கோட்பாட்டளவில் முன்னேறும் தூரம். திருகாணி ஒரு சுற்றுக்கு மரத்தில் எவ்வளவு இறங்கும் என்பது போல. இது நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் சுமார் 2400 வாட் சக்தியை விழுங்கும். நிலத்தில் நிற்கும்போது சுமார் 10 கிலோ இழுவிசை தரும். விமானத்தின் எடையைவிட அதிகம், ஆகவே போதும். 10 அங்குலம் என்பது 0.254 மீட்டர், நொடிக்கு 100 சுற்று, ஆக நொடிக்கு 25.4 மீட்டர், மணிக்கு 91 கிலோமீட்டர். வேகமும் பொருந்துகிறது.

மூன்றாம் படி, கே.வி. 12 செல் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். முழுதாகச் சார்ஜ் ஏறிய செல் 4.2 வோல்ட், 12 செல்லுக்கு 50.4 வோல்ட். சுமையேறியதும் பேட்டரி சற்றுத் தொய்யும், மோட்டாரும் சற்றுத் தொய்யும். எனவே முழுச் சார்ஜ் வோல்டேஜையும் கே.வி.யையும் பெருக்கி, அதில் 80 சதவீதத்தை உண்மையான சுழல் வேகமாகக் கொள்ளலாம். 50.4 × 0.8 = சுமார் 40. 6000-ஐ 40-ஆல் வகுத்தால் 150. இப்போதுதான் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விக்கு விடை கிடைக்கிறது: கே.வி. 150-ஐ ஒட்டிய, 2750 வாட்டைத் தொடர்ந்து தாங்கும் மோட்டார். அதன் எடை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். எடையைக் கட்டாயம் பாருங்கள். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணைவிட, உள்ளே இருக்கும் செம்பும் இரும்பும் எவ்வளவு என்பதே நம்பத்தக்க சாட்சி.

நான்காம் படி, ஆம்பியர். சுமையில் ஒரு செல் ஏறத்தாழ 3.6 வோல்ட் நிற்கும். 12 செல்லுக்கு 43 வோல்ட். 2750-ஐ 43-ஆல் வகுத்தால் 64 ஆம்பியர். இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். 2400 வாட்டை 6000 சுற்றில் தர 3.82 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை தேவை. அதை 0.064-ஆல் வகுத்தால் 60 ஆம்பியர். மோட்டார் வெறுமனே சுற்றவே இரண்டு மூன்று ஆம்பியர் எடுக்கும். இரண்டு வழியும் 60க்கும் 65க்கும் இடையில் வந்து நிற்கின்றன. இரு வழிகளிலும் விடை ஒத்துப்போனால்தான் கணக்கை நம்ப வேண்டும் என்பது எந்தப் பொறியாளனுக்கும் பழக்கம்.

ஐந்தாம் படி, ஈ.எஸ்.சி. சார்ஜ் புதிதாக இருக்கும் முதல் சில நொடிகளில் வோல்டேஜ் கூடுதல். சுழல் வேகம் 10 சதவீதம் கூடினால் புரொப்பெல்லர் கேட்கும் சக்தி 33 சதவீதம் கூடும். ஏனெனில் அது வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. ஆகவே 80 ஆம்பியரை எதிர்பார்த்து, 120 ஆம்பியர் ஈ.எஸ்.சி. போடுவது நியாயமானது. 12 செல்லைத் தாங்கும் உயர் வோல்டேஜ் ரகமாகவும் அது இருக்க வேண்டும்.

இரண்டு அங்குலத்தின் விலை

இங்கேதான் பாடத்தின் உயிர் இருக்கிறது. "22-க்குப் பதில் 24 அங்குலம் போட்டால் இன்னும் நன்றாக இழுக்குமே" என்று ஒரு ஆசை வரும். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி, பிட்ச் மாறாதபோது, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்துக் கூடுகிறது. 24-ஐ 22-ஆல் வகுத்து நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: 1.42. விட்டம் கூடியது 9 சதவீதம். சுமை கூடியது 42 சதவீதம். 64 ஆம்பியர் 90 ஆகிவிடும்.

மோட்டாருக்குள் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது கம்பிச்சுருளில் வெப்பம் இரு மடங்கு. நம் கணக்கிலேயே 2750 வாட் உள்ளே போய் 2400 வாட் வெளியே வருகிறது. மீதி 350 வாட் வெப்பம். இஸ்திரிப் பெட்டியில் பாதி அளவு சூட்டை மூக்குப் பகுதிக்குள் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத் தன்மையை இழக்கத் தொடங்கும். ஆறிய பிறகும் இழந்தது திரும்பாது. காந்தம் வலுவிழந்தால் கே.வி. கூடும், கே.வி. கூடினால் ஆம்பியர் கூடும். ஆம்பியர் கூடினால் சூடு கூடும். மே மாதத்து நாக்பூரிலோ தில்லியிலோ வெளிக்காற்றே 44, 45 டிகிரியில் இருக்கும்போது மிச்சமிருக்கும் இடைவெளி எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். மூக்கில் காற்று நுழையும் துளையைவிட அது வெளியேறும் துளை பெரிதாக, முடிந்தால் இரு மடங்காக இருக்கட்டும். நுழைந்த காற்று வெளியேறாவிட்டால் குளிர்ச்சி இல்லை.

ஆகவே எந்தப் புரொப்பெல்லரை மாற்றினாலும் விமானத்தை நன்றாகக் கட்டி வைத்துவிட்டு, வாட் மீட்டரை இடையில் போட்டு, முழுத் திராட்டிலில் ஐந்து நொடி மட்டும் அளந்து பார்க்க வேண்டும். நம் ஷெட்டுகளில் டாங் டெஸ்டர் என்போமே, அதுவும் உதவும், ஆனால் டி.சி. அளக்கக்கூடிய ரகமாக இருக்க வேண்டும். அளக்காமல் பறக்கவிட்ட மோட்டார் கடன் வாங்கிய பணத்தைப் போல. வட்டி எப்போது வரும் என்று தெரியாது.

வோல்டேஜ் ஏன் உயர்த்த வேண்டும்?

"12 செல் எதற்கு? 6 செல் மலிவாயிற்றே" என்று ஒரு கேள்வி எழலாம். மும்பைவாசிகளுக்கு இதன் விடை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடிய நாட்டின் முதல் மின்சார ரயிலுக்கு 1500 வோல்ட் டி.சி. கொடுக்கப்பட்டது. 2016க்குள் மும்பைப் புறநகர்ப் பாதைகள் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறிவிட்டன. வோல்டேஜ் உயர்ந்தால் அதே சக்திக்கு மின்னோட்டம் குறையும்; மின்னோட்டம் குறைந்தால் கம்பியில் வீணாவது வர்க்கக் கணக்கில் குறையும்.

நம் விமானத்தில் 12 செல்லில் 64 ஆம்பியர். அதே 2750 வாட்டை 6 செல்லில் எடுத்தால் 128 ஆம்பியர். கம்பிகளும் இணைப்புகளும் சேர்ந்து நூறில் ஒரு ஓம் தடை இருப்பதாகக் கொள்ளுங்கள். 64 ஆம்பியரில் வீணாவது 41 வாட்; 128 ஆம்பியரில் 164 வாட். நான்கு மடங்கு. சிறிய விமானத்துக்கு 3, 4 செல், நடுத்தரத்துக்கு 6 செல், பெரியதற்கு 10, 12 செல் என்று வழக்கம் ஏற்பட்டதற்கு இதுவே காரணம்.

பேட்டரியின் கணக்கு

12 செல், 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 44.4 × 5 = 222 வாட்-மணி. எடை சுமார் ஒன்றரைக் கிலோ. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12,000 வாட்-மணி இருக்கிறது. சிறிய எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாகத் தொலைத்தாலும் பறக்கும் நேரத்தில் பெட்ரோலை மின்சாரம் வெல்ல முடியாது. இதை ஒப்புக்கொண்டுதான் இறங்க வேண்டும். பெட்ரோல் பறக்கப் பறக்கக் குறையும்; பேட்டரியின் எடை இறங்கும்வரை அப்படியே இருக்கும். கைம்மாறாகக் கிடைப்பவை: அதிர்வு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, குடியிருப்புக்காரர்கள் புகார் சொல்லும் இரைச்சல் இல்லை, சோக் இழுத்துப் புரொப்பெல்லரைக் கையால் தட்டும் வேலை இல்லை.

செல்லில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆகப் பயன்படுவது 4 ஆம்பியர்-மணி. சராசரியாக 25 ஆம்பியரில் பறந்தால் சுமார் 9½ நிமிடம். முதல் சில முறை கடிகாரத்தை 7 நிமிடத்துக்கு வைத்து இறக்கி, மீட்டரில் மிச்சம் பார்த்து, பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். சார்ஜ் செய்ய 5 ஆம்பியர் போதும். ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். பத்து நாள் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்டில் நிறுத்தி வையுங்கள். முழுச் சார்ஜில் அலமாரியில் கிடந்தால் செல் கெடும். 3 வோல்டுக்குக் கீழே இறங்கினாலும் கெடும்.

கம்பி இணைப்பில் மூன்று பாடங்கள்

முதலாவது: பேட்டரியை இணைக்கும்போது 'பட்' என்று தீப்பொறி பறக்கும். ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் வெற்று கெபாசிட்டர்கள் ஒரே மூச்சில் மின்சாரத்தைக் குடிப்பதால் வருவது அது. மூன்று ஃபேஸ் ரயில் எஞ்சினில் இதற்கென்றே ஒரு முன்-சார்ஜ் சுற்று உண்டு. தடையின் வழியாக மெதுவாக நிரப்பிவிட்டுத்தான் முழு இணைப்பு கொடுப்பார்கள். மாடல் விமானத்துக்கும் உள்ளே தடை பொருத்திய, பொறி எழாத கனெக்டர்கள் கிடைக்கின்றன. 12 செல்லுக்கு அவையே தகும்.

இரண்டாவது: பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் இடையிலான கம்பியை நீட்டாதீர்கள். நீளம் கூடினால் ஒவ்வொரு முறை மின்சாரம் திறந்து மூடும்போதும் வோல்டேஜ் எகிறும், ஈ.எஸ்.சி.யின் கெபாசிட்டர் வெடிக்கும். நீட்டத்தான் வேண்டும் என்றால் ஈ.எஸ்.சி.க்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள மூன்று கம்பிகளை நீட்டுங்கள்.

மூன்றாவது: ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தனி பேட்டரி வையுங்கள். ரயில் எஞ்சினில் மேல்கம்பி மின்சாரம் நின்றாலும் கட்டுப்பாட்டுச் சுற்று 110 வோல்ட் பேட்டரியில் உயிரோடு இருக்கும். அதுபோல மோட்டார் பேட்டரி தீர்ந்தாலும் சுக்கான்கள் நம் பேச்சைக் கேட்க வேண்டும். மோட்டார் நின்ற விமானத்தைச் சறுக்கி இறக்கலாம். சுக்கான் செத்த விமானத்தை யாராலும் இறக்க முடியாது.

மௌனம்தான் ஆபத்து

பெற்றோர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படிக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் ஓடினால் தெருவுக்கே தெரியும். நின்றால் நின்றதுதான். மோட்டாரோ, பேட்டரி இணைத்த கணத்திலிருந்து சத்தமில்லாமல் தயாராக நிற்கும். டிரான்ஸ்மிட்டரில் திராட்டில் குச்சியில் சட்டைக் கை பட்டால் போதும். 22 அங்குலப் புரொப்பெல்லரின் நுனி 6000 சுற்றில் மணிக்கு 630 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வந்தே பாரத்தின் 160 கிலோமீட்டரைப் போல நான்கு மடங்கு. எஞ்சினில் விரல் பட்டால் அது பல சமயம் நின்றுவிடும். மோட்டார் நிற்காது, தடை வந்தால் இன்னும் பலமாகச் சுற்றப் பார்க்கும்.

ஆகவே சில கட்டளைகள். வீட்டுக்குள் அமைப்புகளைச் சரிசெய்யும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். விமானத்தின் வெளிப்புறத்தில், புரொப்பெல்லருக்குப் பின்னால் கை எட்டும் இடத்தில், மின்சுற்றைத் துண்டிக்கும் சாவிப் பிளக் ஒன்று வையுங்கள். ஓடுதளத்துக்குப் போன பிறகே அதைச் செருக வேண்டும், இறங்கியதும் முதல் வேலையாக உருவ வேண்டும். லைனில் வேலை செய்பவர் பர்மிட் இல்லாமல் கம்பியைத் தொடமாட்டார் அல்லவா, இது நமது பர்மிட். ரேடியோ அலை துண்டானால் திராட்டில் பூஜ்யத்துக்குப் போகும்படி ஃபெயில்-சேஃப் அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டில் மேலோ சோபா மேலோ வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது. தரையில் டைல்ஸ் மீது, அருகில் ஒரு வாளி மணலோடு. ஊதிய செல்லை 'இன்னும் ஒரு தடவை' என்று பயன்படுத்தாதீர்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு விமானத்தில் போகும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. கழற்றிய லித்தியம் பேட்டரியைச் சரக்காக ஏற்றும் பெட்டியில் வைக்கக் கூடாது; கைப்பையில்தான். 100 வாட்-மணிக்கு மேல் 160 வரை உள்ளதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேற்பட்டதைப் பயணிகள் கொண்டுபோக முடியாது. நம் 222 வாட்-மணி பேட்டரி ஒரே பொட்டலமானால் போகாது. 6 செல் கொண்ட இரண்டாக இருந்தால் ஒவ்வொன்றும் 111.

பறக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் வெளியான மத்திய அரசின் ட்ரோன் விதிகள், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் ஓட்டப்படும் 25 கிலோ வரையிலான விமானங்களை 'மாடல்' என்று தனியாக வகுத்து, வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு அளித்தன. ஆனால் வான்வெளியின் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்கள் நமக்கும் பொருந்தும். விதிகள் திருத்தப்படக்கூடியவை, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டே மைதானத்துக்குப் போங்கள்.

பயிற்சிக் கணக்கு

பிள்ளைகள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கட்டும். 6 கிலோ எடையுள்ள விமானம். சாதாரணமாகப் பறந்தால் போதும். 10 செல் பேட்டரி. புரொப்பெல்லர் 6500 சுற்று சுற்ற வேண்டும். வாட், ஆம்பியர், கே.வி. மூன்றும் என்ன?

விடை: 6 × 220 = 1320 வாட். சுமையில் 10 × 3.6 = 36 வோல்ட்; ஆகவே சுமார் 37 ஆம்பியர். முழுச் சார்ஜ் 42 வோல்ட். அதில் 80 சதவீதம் 33.6, 6500-ஐ 33.6-ஆல் வகுத்தால் சுமார் 193. கே.வி. 190-ஐ ஒட்டிய மோட்டாரும், 60 ஆம்பியருக்குக் குறையாத ஈ.எஸ்.சி.யும் தேவை. புரொப்பெல்லர் எது? அந்த 1320 வாட்டை 6500 சுற்றில் எது சரியாக விழுங்குகிறதோ அது. சிறியதில் தொடங்கி, ஒவ்வொரு அங்குலமாகக் கூட்டி, மீட்டர் 37-ஐத் தொடும்போது நிறுத்துங்கள்.